காலியாக விடக்கூடாத பக்கம்

அத்தியாயம் 14

போன வாரம் அம்மாவை ஜெப அலமாரிக்கு முன்னால் கையில் நோட்டோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டோம். 'ஏழு நாளாக அவளை நிற்க வைத்திருக்கிறீர்களே, கால் வலிக்காதா?' என்று ஒரு வாசகி கோபித்துக் கடிதம் போட்டிருக்கிறார். நியாயமான கோபம்தான். முதல் வேலையாக அவளை உட்கார வைத்துவிடுகிறேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. இந்த வீட்டில் இப்போது மூன்று பேர். அப்பா லிஃப்ட் பரிசோதகர். அம்மா பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். சின்னவளுக்குப் பத்து வயது, வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். நான்காவது ஆள் பெரியவள். பதினேழு வயதில், மூன்றே நாள் மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். பதினோரு மாதம் ஆகிறது.

கல்யாணமான புதிதிலேயே இந்த அப்பாவும் அம்மாவும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். பிள்ளைகளை ஏனோதானோ என்று வளர்க்கக்கூடாது. எதற்காக வளர்க்கிறோம் என்று தெரிந்து வளர்க்க வேண்டும். அம்மா தன் அழகான கையெழுத்தில் அதை ஒரே வரியாக எழுதினாள். அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, குழந்தை இயேசு இருக்கும் திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

'இங்கே பிறக்கும் பிள்ளைகளைப் பரலோகத்துக்குத் தயார்செய்வதே இந்த வீட்டின் வேலை.'

பெரியவளை அடக்கம் செய்த அன்று, மாதா கோவிலில் பாட்டுப் பாடும் அம்மாள் ஒருத்தி அந்த வரியைப் படித்துவிட்டு, "உங்க வேலை முடிஞ்சுதும்மா. பிள்ளையை நேரா கொண்டுபோய் சேர்த்துட்டீங்க" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள், பாவம். அன்றிலிருந்து அம்மா அந்தச் சுவர் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அந்த வரிக்குப் பிறந்த பிள்ளைதான் ஞாயிறு நோட்டு. கெட்டி அட்டை, நான்கு பகுதி, ஆளுக்கு ஒன்று. வாரா வாரம் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். யாருக்கு நல்லது செய்தேன்? யாரை நோகடித்தேன்? அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறேன்? ஞாயிறு மாலை ஜெபமாலை முடிந்ததும் அப்பா எல்லார் பக்கத்தையும் சத்தமாக வாசிப்பார்.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். யார் பக்கமும் காலியாக இருக்கக்கூடாது. லிஃப்ட் பரிசோதனைப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அப்பா கையெழுத்துப் போட மாட்டார். ஆபீஸ் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

போன ஞாயிறு ஜெபத்தில் மெழுகுவர்த்தி சாய்ந்து நோட்டின் ஓரத்தில் மெழுகு கொட்டியிருந்தது. இன்றைக்கு மறுபடி ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வந்ததும், லேபில் பல் அச்சின் மெழுகைச் சுரண்டும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு அம்மா நோட்டைச் சுத்தம் செய்யப் போனாள். ஒட்டியிருந்த தாள்களைப் பிரித்தபோது பெரியவளின் பகுதி திறந்துகொண்டது.

பதினோரு மாதத்துக்கு முன்னால் நின்றுபோயிருக்க வேண்டிய பக்கங்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.

இப்போது அவள் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி தேடவில்லை, தரையிலேயே.

பெரியவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுத்தின் மேல் புள்ளி வைக்கும்போது குட்டி வட்டமாகப் போடுவாள். இந்தப் பக்கங்களிலும் புள்ளிக்குப் புள்ளி குட்டி வட்டம்.

'யாருக்கு நல்லது செய்தேன்: பட்டாணிக்கு. கனவில் வந்து தலை பின்னிவிட்டேன். யாரை நோகடித்தேன்: எல்லாரையும். சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம்: தெரியவில்லை. இங்கே கணக்குப் பாடம் கிடையாது.'

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில் அழுகையும் வந்தது. அடுத்த தாளைத் திருப்பியவளுக்கு இரண்டும் நின்றுபோயின.

பக்கத்தின் அடியில் பச்சை மையில் ஒரு வரி. பரிசோதனை முடித்த லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடும் பச்சை மை. அப்பாவுடையது.

'அங்கே குளிருதாம்மா?'

அடுத்த வாரத்துப் பக்கத்தில் பதில் இருந்தது. 'இல்லப்பா. ஸ்வெட்டர் வேண்டாம்.'

'தனியாவா இருக்கே?'

'இல்லப்பா. நிறைய பேர் இருக்காங்க. சத்தம்தான் ஜாஸ்தி.'

இப்படி எட்டு மாதம். ஞாயிறு தோறும் அவர் எல்லார் பக்கத்தையும் வாசித்துவிட்டு, பெரியவள் பகுதி வரும்போது மட்டும் குனிந்து மௌனமாகத் திருப்புவார். மனசு தாங்காமல் திருப்புகிறார் என்றுதான் அம்மா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கடிதம் படித்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் போன ஞாயிற்றுக்கிழமை தேதியில் ஒரு கேள்வி.

'அன்றைக்கு உன் தலைவலியை நான் நம்பவில்லை. மன்னித்துவிட்டாயா?'

அதற்கு அடுத்த பக்கம் காலி.

அன்றைக்கு நடந்தது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அதுவும் ஒரு ஞாயிறுதான். பெரியவள், தலை வலிக்கிறது, அப்புறம் எழுதுகிறேன் என்றாள். சாக்குச் சொல்கிறாள் என்று அப்பா நினைத்தார். எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்கக்கூடாது என்று மேசையில் உட்கார வைத்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்று ராத்திரியே காய்ச்சல் கண்டது. புதன்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மா அப்போது சமையலறையில் இருந்தாள்.

"பட்டாணி, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

ஒரு பக்கம் பின்னியும் மறு பக்கம் அவிழ்ந்தும் கிடந்த தலையோடு வந்த சின்னவள், அம்மா கையில் இருந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது யார் எழுதினது?"

"அக்கா."

"பட்டாணி."

"நான்தான்" என்றாள் உடனே. பொய்யை ரொம்ப நேரம் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை. "அப்பாதானேம்மா சொன்னாங்க, இந்த வீட்ல யார் பக்கமும் காலியா இருக்கக் கூடாதுன்னு. அக்காவும் இந்த வீடுதானே? அக்கா பக்கம் மட்டும் காலியாவே இருந்துச்சு. ஒரு நாள் அப்பா அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. அதான்."

அம்மா திட்டத்தான் கூப்பிட்டிருந்தாள். சட்டம் போட்டது பெரியவர்கள். அதை முழுதாகக் கடைப்பிடித்தது இந்தப் பட்டாணி ஒன்றுதான்.

"அப்பா கேள்வி எழுத ஆரம்பிச்சதும் பயமா இல்லையா உனக்கு?"

"பயமாதான் இருந்துச்சு. ஆனா பதில் எழுதலைன்னா அக்கா கோவமா இருக்கான்னு அப்பா நினைப்பாங்கல்ல? சனிக்கிழமை நீ லேபுக்குப் போனதும் எழுதி வெச்சிடுவேன்."

"நேத்து ஏன் எழுதல?"

பட்டாணி கதவின் தாழ்ப்பாளைத் திருகினாள். "இதுக்கு எழுத முடியாதும்மா. பொய்யாயிடும்."

"அப்ப ஸ்வெட்டர் வேண்டாம்னு எழுதினது?"

"அது எனக்குத் தெரியாத விஷயம். நிஜமாக்கூட இருக்கலாம். தலை பின்னிவிட்டது நிஜம். கனவுல நிஜமாவே வந்தா." அவள் குரல் இறங்கியது. "இது எனக்குத் தெரியும்மா. அக்கா என்கிட்ட சொன்னா."

அம்மா நோட்டைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னா?"

"அன்னிக்கு ராத்திரி படுத்திருக்கும்போது. தலையைப் பிடிச்சுக்கிட்டே சொன்னா. இதுக்கு அப்பாவை நான் மன்னிக்கவே மாட்டேன் பாருன்னு."

அம்மா நோட்டை மூடினாள்.

பதினேழு வயதுப் பெண் கோபத்தில் சொன்ன வார்த்தை. காலையில் எழுந்ததும் மறந்து, அப்பாவிடமே பேனா ரீஃபில் கேட்டிருப்பாள். அதற்கு ஒரு நல்ல காலை அவளுக்குக் கிடைக்கவில்லை. கோபம் மட்டும் உயிரோடு மிச்சமாகி, ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் தங்கிவிட்டது.

"யார்கிட்டயாவது இதைச் சொன்னியா?"

"கோவில்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் போனப்ப பங்குச் சாமியார்கிட்ட சொன்னேன். அது உன் பாவம் இல்லம்மான்னாங்க. அப்ப யாரோடதுன்னு கேட்டேன். அப்புறம் மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னாங்க."

"சொன்னியா?"

"முப்பது சொன்னேன். போகல."

அம்மா அவளை இழுத்து மடியில் உட்கார வைத்து, அவிழ்ந்த பக்கத்தைப் பின்ன ஆரம்பித்தாள். பார்க்காமலே பின்னியதில் பின்னல் கோணிக்கொண்டு போனது.

"இதை அப்பாகிட்ட சொல்லாத. எப்பவும் சொல்லாத. இனிமே நீ எழுதவும் வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

"நீ என்ன பண்ணுவே?"

அம்மா ரிப்பனை எடுத்து முடிச்சுப் போட்டாள்.

அப்பா அப்போது வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்ட்ரெச்சர் ஏற்றும் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று பூசை முடிந்த கையோடு கூப்பிட்டுவிட்டார்கள்.

மதியம் அம்மா சமையலறை மேசையில் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் தொழிலே அதுதான். இல்லாமல் போன பல்லுக்கு, பக்கத்துப் பல்லின் நிறமும் சாய்வும் பார்த்து, யாரும் கண்டுபிடிக்காதபடி ஒன்று செய்வாள். போட்டுக்கொண்டவர்களே சில நாளில் சொந்தப் பல் என்று நம்பிவிடுவார்கள். ஒரு கையெழுத்து என்ன பெரிய காரியம்?

பழைய காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். நான்காவது தடவை அச்சு அசலாக வந்துவிட்டது. 'மன்னித்துவிட்டேன் அப்பா.' குட்டி வட்டப் புள்ளிகள், கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்த எழுத்து. பெரியவளே பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதுபோல் இருந்தது. அம்மாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காகிதத்தைக் கசக்கி அடுப்பில் போட்டு, அது எரிந்து முடியும்வரை நின்றாள்.

நான்கு மணிக்கு அப்பா வந்தார். கையில் கிரீஸ், முகத்தில் ஒரு தெளிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவருக்கு இந்த முகம் வருகிறது என்று அம்மா இன்றைக்குத்தான் கவனித்தாள். பல நாள் சவரம் செய்யாமல் திரிகிறவர், ஞாயிறு மாலை மட்டும் முகம் வழித்துச் சட்டை மாற்றிக்கொள்வார். ஜெபத்துக்கு என்று நினைத்திருந்தாள்.

அவர் சோப்பு போட்டுக் கையைத் தேய்க்கும்போது துண்டோடு பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னங்க, அந்த நோட்டை நிறுத்திடலாமா?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"எதுக்கு?"

"பட்டாணி சின்னப் பிள்ளை. வாரா வாரம் குத்தம் தேடி எழுதிட்டு. போதும்னு தோணுது."

"அவ பக்கம் வேணும்னா நிறுத்திக்கோ. என் பக்கத்தையும் நிறுத்திடறேன்." அவர் கையைப் பார்த்தபடியே பேசினார். "நோட்டை மூடாத. மூடினா அவ எங்க வருவா?"

அம்மா துண்டை நீட்டினாள்.

"நான் பைத்தியம் இல்ல" என்றார் அவர், மெதுவாக. "ஒரு நாளைக்கு ஆறு லிஃப்ட் பார்க்கறேன். கயிறு, பிரேக், கதவு, எல்லாத்தையும் தொட்டுப் பார்த்துதான் பச்சை மையில கையெழுத்துப் போடறேன். இது ஒண்ணை மட்டும் நான் தொட்டுப் பார்க்கல. யார், என்னன்னு கேட்டா நின்னுடும்னு பயம். இன்னிக்கு ஒரு பதில் வரணும். அது வந்துட்டா அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்கோ."

துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு போய்விட்டார். குழாயை அம்மாதான் மூடினாள்.

எனக்கு இந்த மனுஷன் மேல் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் எரிச்சல் உண்டு. வீட்டை லிஃப்ட் மாதிரி நடத்துகிறவரிடம் யாருக்குத்தான் பிரியம் வரும்? ஆனால் அந்த ஈரக் கையைப் பார்த்தபோது என் எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை.

அம்மா மறுபடி மேசைக்கு வந்தாள். அப்பா முகம் வழித்து முடிக்கும் நேரம்தான் இருந்தது. பேனாவை எடுத்து, இந்தத் தடவை ஒத்திகை பார்க்காமல் நேராக நோட்டிலேயே எழுதினாள்.

ஆறரைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஜெபமாலை ஆரம்பித்தது. ஐம்பது மணிகளும் விரலில் உருண்டன. மூன்று பேர் சொல்லும் ஜெபத்தில் நான்காவது குரலுக்கு இடம்விட்டு அவர்கள் இன்னும் ஒரு மூச்சு நிறுத்துகிறார்கள். யாரும் சொல்லி வைத்துச் செய்வதில்லை. பழக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

முடிந்ததும் அப்பா நோட்டை எடுத்தார். பட்டாணியின் பக்கத்தை வாசித்தார். அவள் வகுப்பில் ஒருத்திக்கு ரப்பர் கொடுத்திருந்தாள், இன்னொருத்தியைக் குண்டு என்று சொல்லியிருந்தாள். தன் பக்கத்தை வாசித்தார். அம்மாவின் பக்கத்தை வாசித்தார், வழக்கமான இரண்டு வரி. பிறகு கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, பெரியவளின் பகுதியைத் திருப்பினார்.

பட்டாணி அம்மாவின் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா குனிந்தார். அவர் முகம் முதலில் மலர்ந்தது, பக்கம் நிறைய எழுத்து இருந்ததால். பிறகு மெதுவாக மாறியது. புள்ளிகள் வட்டமாக இல்லை. சட்டம் போட்டு மாட்டிய வரியில் இருக்கும் அதே கையெழுத்து. அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார்.

பதினோரு மாதத்தில் முதல்முறையாக அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார்.

"அன்றைக்குத் தலை வலிக்கிறது என்று அவள் முதலில் என்னிடம்தான் வந்து சொன்னாள். அப்பாவிடம் நீ சொல்லேன் என்று கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் உனக்குத் தலைவலி வந்துவிடும், போய் எழுது என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கையில் மாவு இருந்தது." அவர் நோட்டை மெழுகுவர்த்திக்குக் கிட்டே நகர்த்தினார். தொடர்ந்து வாசித்தார். "இத்தனை நாளும் உங்களைத் தனியாக இதைச் சுமக்க விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரை நோகடித்தேன் என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். பெரியவள் பக்கத்தில் எழுதியதற்கு மன்னிக்கவும். அம்மா."

மெழுகுவர்த்தி படபடவென்று பொரிந்து அடங்கியது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் அப்பா.

"சொன்னா நீங்களும் என்னை மன்னிக்க மாட்டீங்களோன்னு பயம்."

அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து அவள் பக்கம் வந்தார். பதினோரு மாதமாக ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தவர்களுக்கு அந்த ஒரு முழம் பெரிய தூரம்தான்.

"மத்ததெல்லாம் நான்தாம்ப்பா எழுதினேன்" என்றாள் பட்டாணி அழுதுகொண்டே. "சாரிப்பா."

"தெரியும்மா" என்றார் அவர். அப்புறம், "தெரியாம இருக்கப் பார்த்தேன்" என்றார்.

அவள் தலையைத் தடவினார். கோணலாகப் போயிருந்த பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பரிசோதகர் மறுபடி விழித்துக்கொள்வதை அம்மா கண்டாள்.

"எல்லாத்துக்கும் பதில் எழுதினியே. கடைசிக் கேள்விக்கு மட்டும் ஏன் எழுதல?"

பட்டாணி அம்மாவைப் பார்த்தாள். சொல்லாதே, எப்பவும் சொல்லாதே என்று காலையில் சொன்னவளை.

தடுப்பதற்காக அம்மா கையைத் தூக்கினாள். ஒரு வார்த்தை போதும், பிள்ளை வாயை மூடிக்கொள்வாள். அப்பா நிம்மதியாகத் தூங்குவார். பட்டாணி மட்டும் முப்பது, முந்நூறு என்று அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே வளர்வாள். வளர்ந்து ஆளாகி, ஒருநாள் கையில் மாவோடு ஏதாவதொரு சமையலறையில் தனியாக நிற்பாள்.

அம்மா கையை இறக்கிவிட்டாள்.

"சொல்லு பட்டாணி. அப்பா பக்கத்துல போய் உட்கார்ந்துட்டு சொல்லு."

பிள்ளை எழுந்து போய் உட்கார்ந்தாள். அப்பா பச்சைப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"உன் மேலயா? எதுக்குடா?"

"என் மேல இல்லப்பா" என்றாள் பட்டாணி. "அக்கா மேல."